உப்பு போடாத தண்ணீர்

எங்கள் மேலாளரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எழுதப்போவதில் எவ்வளவு அவர் செய்தது, எவ்வளவு என் எரிச்சல் என்று படிப்பவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். அவருக்கும் என்னைப் பிடிக்காது. அந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் குறை வைத்ததில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்கும் ஆலைக்கும் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனிக்கும் நடுவே இருக்கிறது எங்கள் பட்டறை. வெளியே ஐந்து நிமிடம் நின்றால் பல்லில் தூள் நறநறக்கும். உள்ளே வந்தால் ஏசி, வெள்ளைத் தரை, வெள்ளைக் கோட்டு. ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் எடுக்கும் புரோப்கள் பழுதானால் எங்களிடம் வரும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் ஜெல் தடவி உருட்டுகிறார்களே, அந்தக் கைப்பிடிதான் புரோப். இதயத்துக்கென்று ஒரு வகை உண்டு. அதை மேலே வைத்து உருட்டுவதில்லை. விரல் தடிமனில், ஒரு ஆள் கை நீட்டினால் வரும் நீளத்தைவிட அதிகமாக, ஒரு கறுப்புக் குழாய். நோயாளி அதை விழுங்க வேண்டும். தொண்டை வழியாக உணவுக்குழாயில் இறங்கி, இதயத்துக்கு நேர் பின்னால் போய் நின்று, அங்கிருந்து படம் காட்டும்.

பாதி மயக்கத்தில் இருந்தாலும் மனிதர்கள் கடிப்பார்கள். பல்லுக்கு நடுவே ஒரு வளையம் வைத்துத்தான் குழாயை விடுகிறார்கள். வளையத்தை நாக்கால் தள்ளிவிட்டுக் கடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கடித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அதற்குள் எச்சில் போகும், கழுவும் மருந்து போகும், ஒருவருடைய கிருமி இன்னொருவருக்குப் போகும். உள்ளே ஓடும் கரண்டுக்கும் வெளியே வர ஒரு வழி கிடைக்கும். இதயத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கரண்ட் ஒழுகினால், அது எவ்வளவு சொற்பமாக இருந்தாலும், துடிப்பு தாறுமாறாகிவிடலாம். ஒழுகுகிறதா இல்லையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்த நாளிலிருந்து இதையேதான் செய்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவேன்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஸ்டீல் தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, குழாயைக் கோடு வரை முக்கி, கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதற்குள் போக அவகாசம் வேண்டுமல்லவா? பிறகு குழாயின் பிளக்கைச் சோதனைப் பெட்டியில் மாட்டி, பெட்டியின் இன்னொரு ஒயரைத் தொட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுப் பொத்தானை அழுத்தினால் திரையில் எண் வரும். வரம்புக்குள் இருந்தால் பச்சை விளக்கு. தாண்டினால் சிவப்பு விளக்கும் காதைக் கிழிக்கும் சத்தமும்.

இதில் உப்புதான் உயிர். நம் உடம்புக்குள் இருக்கும் ஈரமெல்லாம் உப்பு ஈரம். தொட்டித் தண்ணீரும் அப்படி இருந்தால்தான் உடம்புக்குள் நடக்கப்போவது தொட்டியில் தெரியும். சுத்தமான தண்ணீரில் கரண்ட் சரியாக ஓடாது. ஓட்டை விழுந்த குழாய்கூட அதில் பச்சை விளக்குக் காட்டிவிடும். எனக்கு இது தெரியும். நன்றாகவே தெரியும். இதைப் படிப்பவர்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு தடவை எழுதுகிறேன்.

உப்பு என்றால் பெட்டிக்கடை தூள் உப்புதான். ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் கொட்டி, ஒரு ஸ்பூன் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். இத்தனை வருடத்தில் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. மாத்திரை அட்டை செய்யும் கம்பெனியிலிருந்து இந்த மேலாளர் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பாட்டில் எல்லோர் கண்ணையும் உறுத்த ஆரம்பித்தது.

அவருக்கு வெள்ளைதான் தெய்வம். கறை என்றால் ஆகாது. எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரோ, வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் மஞ்சளாகப் படியும். குடிக்க, சமைக்க எல்லோர் வீட்டிலும் கேன் தண்ணீர்தான். அந்தப் போர்த் தண்ணீரில் உப்பும் சேர்ந்தால் தொட்டி எப்படி இருக்கும்? ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு, கிளிப்பில் துரு. பெரிய ஆஸ்பத்திரிக் குழு ஒன்று எங்களுக்கு வேலை கொடுப்பதற்கு முன்னால் பட்டறையைப் பார்வையிட வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புகிறது என்று செய்தி வந்தது. புதன்கிழமை காலை அவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

“இன்னாம்மா இது, ஓரமெல்லாம் பூத்துக்கினு?”

“உப்பு சார்.”

“வர்றவங்க மொதல்ல இத்ததான் பாப்பாங்க. போர்த் தண்ணி வேணாம். கேன் தண்ணி ஊத்து.”

“ஊத்தறேன் சார். உப்பு போட்டா மறுபடியும் பூக்கும்.”

“அப்போ போடாத.”

“போடலன்னா டெஸ்ட்டே இல்ல சார்.”

அவர் ஊறுகாய் பாட்டிலை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கினார். “லேபா இது, இல்ல கையேந்தி பவனா? பிரியாணிக்கு உப்பு போடற மாதிரி பாட்டில்ல வெச்சிக்கினு இருக்க!” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேஜையில் குழாய்களுக்குப் புது உறை போட்டு ஒட்டும் அண்ணனும் சிரித்தார். கவரைப்பேட்டைக்காரர், எனக்கு முன்பிருந்தே இங்கே வேலை செய்கிறவர், என் உப்பு எதற்கென்று தெரிந்தவர். அவர் சிரித்ததுதான் எனக்குச் சுருக்கென்றது. மேலாளர் அந்தப் பாட்டிலை என் சாப்பாட்டுப் பைக்குள் அவர் கையாலேயே வைத்தார். “ஆடிட் முடியற வரைக்கும் இது இங்க இருக்கக் கூடாது” என்றார்.

நான் விளக்கியிருக்கலாம். உப்பில்லாமல் ஒரு தடவை, உப்போடு ஒரு தடவை போட்டுக் காட்டியிருந்தால் அந்த மனிதருக்கே புரிந்திருக்கும். எதுவும் வேண்டாம், அவர் தலை மறைந்ததும் ஒரு ஸ்பூன் உப்பைக் கொட்டியிருந்தாலே போதும். நான் “சரி சார்” என்றேன். அந்தச் “சரி சார்” எப்படிப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும். நீ சொன்னதை அப்படியே செய்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் உப்பு எங்கே என்று கேட்பார்கள், உன் மூஞ்சியில் ஈயாடாது, அப்போது நான் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைக்கிறேன். அன்று சாயங்காலம் பொன்னேரிக்கு ரயிலில் நின்றுகொண்டே வரும்போது இந்தக் காட்சியை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளில் மூன்று இதயக் குழாய்கள் வந்தன. மூன்றையும் கேன் தண்ணீரில் போட்டேன். மூன்றும் பச்சை. மூன்றாவது திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியுடையது. யாரோ கடித்துவைத்து, அண்ணன் புது உறை போட்டு ஒட்டியிருந்தார். தொட்டியில் போடுவதற்கு முன்னால் குழாய் முழுக்க நகத்தை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஒட்டுப் போட்ட இடத்தில் நகம் லேசாகத் தட்டியது. இன்னொரு தடவை ஓட்டினேன். மறுபடியும் தட்டியது. வழக்கமாக அப்போதே, “அண்ணே, இத்த பாருங்க” என்று கூப்பிட்டிருப்பேன். சிரித்த வாய்தானே, எதற்குக் கூப்பிட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றுக்கும் சான்றிதழ் அச்சானது. பெட்டி காட்டிய எண், தேதி, கீழே என் கையெழுத்து. சனிக்கிழமை உப்பில் போட்டுப் பார்த்த பிறகுதானே அனுப்பப்போகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போட்டேன். மறந்துவிடக் கூடாதென்று குழாய்களை வைத்த மூன்று பெட்டிமேலும் சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி ராக்கில் வைத்தேன். அந்தச் சிவப்புத் துண்டுக்கு என்ன அர்த்தம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். தொட்டி பளபளவென்று இருந்தது. ஒருவர் குனிந்து பார்த்து, “வெரி நீட்” என்றார். இன்னொருவர் சான்றிதழ்க் கோப்பைப் புரட்டி, எண்களெல்லாம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று பாராட்டினார். அட கடவுளே, அது ஒன்றே போதும் சந்தேகப்பட! உப்பு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் சாப்பாட்டுப் பையைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர்கள் சமோசா சாப்பிட்டுவிட்டுக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். மேலாளர் என்னைப் பார்த்து, “பாத்தியா, சுத்தமா இருந்தா எவ்ளோ மரியாத” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை வந்ததும் முதல் வேலையாகத் தொட்டியில் உப்பைக் கொட்டிக் கலக்கினேன். ராக்கில் திரும்பிப் பார்த்தால் இரண்டு பெட்டிதான் இருந்தது. இரண்டிலும் சிவப்பு டேப் இல்லை.

மேலாளர் அறைக்கு ஓடினேன்.

“அதுவா? நேத்து காலைல நான்தான் பிச்சுப் போட்டேன். ஆடிட் அன்னிக்கு செவப்பா ஒட்டிக்கினு இருந்தா ரிஜெக்ட்னு நெனைக்க மாட்டாங்க? திருவள்ளூர் பெட்டிய சாயந்தரமே வண்டில அனுப்பியாச்சு. டாக்டரு நாலு வாட்டி போன் பண்ணிட்டாரு.”

உப்பில்லாமல் சோதித்தது, நகம் தட்டியது, டேப் ஒட்டியது எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சர்டிஃபிகேட்ல யாரு கையெழுத்து?”

“என்னுதுதான்.”

“அப்புறம்?”

அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லுக்காகவே அவரை நான் ஜென்மத்துக்கும் வெறுக்கலாம்.

மிச்சமிருந்த இரண்டையும் அவர் கண்ணெதிரிலேயே உப்பில் போட்டேன். எனக்குப் போதாத காலம், இரண்டும் நல்ல குழாய்கள். பச்சை விளக்கு எரிந்தது. “இன்னா இப்போ? சும்மா பேஜாரு பண்ணிக்கினு” என்றார். நான் கொட்டியதெல்லாம் காதில் விழுந்து ஒட்டும் அண்ணன் எழுந்து வந்தார். அவருக்கு வேறு கோபம்.

“என் ஒட்டுல நகம் தட்டிச்சா? எப்போ?”

“வியாழக்கெழம.”

“நேத்து முழுக்க என் எதுருலதான குந்திக்கினு இருந்த? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?”

நான் போனை எடுத்தேன். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் எக்கோ அறை டெக்னீஷியன் பேசினார். பதினொன்றரை மணிக்கு ஒரு அம்மாவுக்கு அந்தக் குழாயைப் போடப்போவதாகச் சொன்னார். பக்கவாதம் வந்தவர், இதயத்துக்குள் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மேடம், அதைப் போடாதீர்கள், சோதனையில் தப்பு நடந்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் மேலாளர் போனைப் பிடுங்கினார். “ஒண்ணுமில்ல மேடம், சின்ன பேப்பர் வொர்க். சர்டிஃபிகேட் கைல இருக்கில்ல? தாராளமா யூஸ் பண்ணுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்தில் ஸ்பேனர் ஏதாவது இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. சோதனைப் பெட்டியின் ஒயர்களைச் சுருட்டி, பெட்டியோடு பையில் வைத்தேன். உப்புப் பாட்டிலையும் வைத்தேன்.

“அது கம்பெனி சொத்து. கேட்டத் தாண்டினா திருட்டுன்னு எழுதுவேன்.”

“எழுதுங்க.”

“இன்னிக்குத்தான் ஆர்டர் வரப்போவுது. கெடுத்துடாத. நாப்பது பேரு பொழப்பு.”

“அந்தம்மா பொழப்பு?”

கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். ரயிலில் போனால் சென்னைப் பக்கம் போய் வேறு ரயில் மாறித்தான் திருவள்ளூர் வர வேண்டும். பஸ் நினைத்த நேரத்துக்கு வராது. ஒட்டும் அண்ணன் பைக்கை முறுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டே, “ஏறு” என்றார். அவ்வளவுதான். எனக்காக வரவில்லை என்று அவர் முதுகே சொன்னது. அவருடைய ஒட்டு அந்த அம்மா தொண்டைக்குள் போகப்போகிறது, அதற்காக வந்தார்.

ஆடி மாதம். பெரியபாளையத்துக்கு முன்பே வண்டிகள் நின்றுவிட்டன. மஞ்சள் புடவைகள், வேன்கள், டிராக்டர்கள், பம்பைச் சத்தம், ரோட்டை அடைத்துக்கொண்டு கூழ் ஊற்றும் பந்தல். அம்மனை ஒருநாளும் திட்டாதவள் நான். அன்று வாய்க்குள் திட்டினேன். அண்ணன் ரோட்டோரச் சேற்றில் இறக்கி, ஆட்டுக்கும் ஆளுக்கும் நடுவே புகுந்து ஓட்டினார். கூட்டம் கழிந்து வண்டி வேகம் எடுத்ததும் திரும்பாமலே கேட்டார்.

“உப்பு இல்லன்னு தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டியா?”

“சார்தான் வேணாம்னு சொன்னாரு.”

“அத்த கேக்கல.”

திருவள்ளூர் வரும்வரை பையை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

எக்கோ அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒரு பக்கம் வாய் லேசாகக் கோணியிருந்தது. பக்கத்தில் அவருடைய மகள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்திருந்த அந்த அம்மா ஆஸ்பத்திரிப் பணிப்பெண் கையிலிருந்த டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் விடுவதற்கு முன்னால் இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பது எனக்குத் தெரியும்.

டெக்னீஷியன் என்னை உள்ளே விடவில்லை. கதவுக்குக் குறுக்கே நின்றார்.

“உங்க மேனேஜர் யூஸ் பண்ணச் சொல்லிட்டாரே? டாக்டர் வர்ற நேரம். அடுத்தவங்க கேஸ்ல வந்து என்ன ரகள இது?”

“ஒரு அஞ்சு நிமிஷம் மேடம். ஒரு பேசின் குடுங்க, போதும்.”

அவர் உள்ளே போய் ஒரு தாளோடு வந்தார். என் சான்றிதழ். என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“இது யாரு போட்ட கையெழுத்து?”

“நான்தான்.”

“பாஸுன்னு எழுதி நீதான கையெழுத்து போட்டிருக்க?” ‘நீங்க’ எந்த இடத்தில் ‘நீ’ ஆனது என்று கவனித்தேன். “அப்போ இது பொய்யா?”

பெஞ்சில் இருந்த மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். தப்பு நடந்துவிட்டது, தண்ணீர் சரியில்லை, மேலாளர் சொன்னார் என்று எத்தனையோ வாக்கியங்கள் என்னிடம் இருந்தன. எதைச் சொன்னாலும் அவர் கதவை விட்டு நகரமாட்டார் என்று தெரிந்தது.

“பொய்தான்,” என்றேன்.

அவர் நகர்ந்தார்.

அவர்களுடைய பேசினில், அவர்களுடைய சுத்திகரித்த தண்ணீரைத்தான் முதலில் ஊற்றினேன். குழாயை முக்கி, ஊறவிட்டு, பொத்தானை அழுத்தினேன். பச்சை. எண் அன்று பார்த்த அதே மாதிரி, பாராட்டு வாங்கும்படி குறைவாக இருந்தது. “நல்லாத்தானே இருக்கு?” என்றார் டெக்னீஷியன். கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை நிறுத்தினேன். ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மூன்று ஸ்பூன் உப்புப் போட்டுக் கலக்கினேன். அவசரத்தில் உப்பு மேஜையெல்லாம் கொட்டியது. மறுபடி ஐந்து நிமிடம் ஊறவிட்டேன். ஒன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்: பச்சை எரிய வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டினேன், சிவப்பு எரிய வேண்டும் என்று இன்னொரு பக்கம் வேண்டினேன். நான் சொன்னது சரி என்று ஆக வேண்டும் என்ற ஆசை அப்போதும் என்னை விட்டுப் போகவில்லை.

அழுத்தினேன். எண் ஏறியது. நிற்காமல் ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி அலறியது. அலறல் வராந்தா வரை கேட்டிருக்கும்.

டெக்னீஷியன் குழாயை எடுத்து ஈரத்தைத் துடைத்து, ஒட்டுப் போட்ட இடத்தைத் தன் நகத்தால் தடவிப் பார்த்தார். “நேத்து ராத்திரிதான் வந்துச்சு. இதுதான் மொத கேஸ்” என்று யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. எதற்கு இருக்க வேண்டும்? அண்ணன் ஒட்டைப் பார்த்துவிட்டு, “ஓரத்துல பசை புடிக்கல” என்றார். “அன்னிக்கே சொல்லியிருந்தா அர மணி நேர வேல.”

கதவருகே அந்த மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

“எங்கம்மா வாயில வுட இருந்தது இதானாக்கா?”

“ஆமா.”

“கரண்டு வருதா அதுல?”

“ஆமா.”

“தெரிஞ்சிருந்தும் ஏன்க்கா கையெழுத்து போட்டீங்க?”

சார் சொன்னார் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வெளியே பெஞ்சிலிருந்து அந்த அம்மா, குழறும் குரலில், “இன்னாடி சொல்றாங்க? இன்னிக்கு இல்லியா? அப்போ நானு ரெண்டு இட்லி துன்னலாமா?” என்று கேட்டார். மகள் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் போனாள். நான் மேஜைமேல் கொட்டிய உப்பை உள்ளங்கையால் கூட்டி எடுத்தேன்.

டெக்னீஷியன் சோதனைத் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டார். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து குழாய் வரவழைத்து அந்த அம்மாவுக்கு இரண்டு நாள் கழித்துப் பார்த்தார்கள் என்று பிறகு அண்ணன் விசாரித்துச் சொன்னார். கட்டி இருந்ததா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

மேலாளர் திருட்டுப் புகார் எதுவும் எழுதவில்லை. என்னை வேலையை விட்டும் அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போட்டோவோடு கடிதம் வந்துவிட்டதே, பதில் எழுத ஆள் வேண்டுமே. திங்கட்கிழமை காலை என் மேஜைமேல் ஒரு புது வெள்ளை டப்பா இருந்தது. ஆய்வகத் தர உப்பு. அச்சடித்த லேபிள், தொகுதி எண், காலாவதித் தேதி. இனிமேல் ஒவ்வொரு சோதனைக்கும் உப்பு கட்டாயம் என்று அவரே ஒரு சுற்றறிக்கை போட்டு, அதை அவரே கண்டுபிடித்ததுபோல் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். கீழே பெரிய எழுத்தில் அவருடைய கையெழுத்து. சனிக்கிழமை சோதனைப் பெட்டியோடு திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த என் ஊறுகாய் பாட்டிலைத் தேடினேன். குப்பைத் தொட்டியில் கிடந்தது.

மத்தியானம் அறைக்குக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று சோதித்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் காகிதம் அது. உட்கார்ந்து எழுதினேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் இரண்டே வரி:

‘உப்பு போட வேண்டாம் என்று மேலாளர் சொன்னார். உப்பு இல்லாமல் செய்த சோதனை செல்லாது என்று தெரிந்தும் நான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.’

அவர் படித்தார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். ஸ்கேல் வைத்து, நேராக, சுத்தமாக, முதல் வரியை அடித்தார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இனிஷியல் போட்டார். படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்.

“இப்போ போடு.”

“நீங்க சொன்னீங்களா இல்லியா சார்?”

“ஆடிட்டுக்கு தொட்டி சுத்தமா இருக்கணும்னு சொன்னேன். டெஸ்ட் எப்படி பண்றதுன்னு எனக்கு இன்னா தெரியும்? பதினோரு வருஷமா பண்றது நீயா, நானா?”

கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று பாட்டிலைத் தூக்கிக் காட்டியபோது சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள், அவர் என்ன சொன்னார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். நான் ஒட்டும் அண்ணனைப் பார்த்தேன். அவர் எழுந்து கதவு வரை வந்தார். எனக்காகப் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

“அடிச்சத வுடும்மா,” என்றார். “மிச்சம் கீறத படி. அதுல பொய்யி எதுனா கீதா?”

படித்தேன். உப்பு இல்லாமல் செய்த சோதனை செல்லாது என்று தெரிந்தும் நான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு தடவை படித்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்ற இடமில்லை. அந்தப் பெண் கதவருகே நின்று கேட்டதற்கு நான் சொல்லாமல் விட்ட பதில் அங்கே, என் கையெழுத்திலேயே இருந்தது. அதற்கு மேலே அடித்திருந்த வரிக்கு அந்தப் பதிலில் வேலை இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

மேலாளர் பேனாவை நீட்டினார். அவருடைய பேனா வேண்டாம் என்று என்னுடையதை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.